கியூ செய்வதைப் படம் பிடிக்கும் தம்பிக்கு: மரம் காத்திருக்கும் நாட்களையும் காட்டுங்கள்

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். விசைப்படகுகளின் புரொபெல்லர் ஷாஃப்ட் கடையும் லேத் பட்டறையில் அவருக்கு வேலை. இரண்டு வருடமாக ஓய்வு நேரத்தில் பூல் கியூவும், அதாவது மேஜையில் பந்தை அடித்து ஆடும் கோலும், செய்கிறார். ராமநாதபுரத்திலும் கீழக்கரையிலும் ஆடுகிற பையன்கள் வாங்கிப் போகிறார்கள். இப்போது அந்த வேலையைத் தமிழில் வீடியோவாகச் சொல்லிக்கொடுக்க ஆசை. "காக்கா, என்ன கேமரா வாங்குவது? எதிலிருந்து தொடங்குவது? எதைக் காட்டலாம், எதை மறைக்கலாம்?" என்று கேட்கிறார். (காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்.)

தம்பி, கேமரா வாங்காதீர்கள். கையில் இருக்கும் போன் போதும். அந்தப் பணத்தில் மரத்தின் ஈரம் அளக்கும் மீட்டர் ஒன்றும், 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்றும் வாங்குங்கள். வீடியோவைப் பற்றிக் கேட்டால் இவர் தராசைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது.

நான் துபாயில் 11 வருடம் ஒரு கிளப்பில் கியூ பழுது பார்த்தவன். ஊர் திரும்பி, கீழக்கரையில் வீட்டுக் கொல்லையில் சின்ன லேத் ஒன்று போட்டேன். நான் எடுத்த முதல் வீடியோவின் பெயர் 'ஷாஃப்ட் கடைவது எப்படி'. கியூவின் மெல்லிய முன்பாதிக்குத்தான் ஷாஃப்ட் என்று பெயர். 14 நிமிடம். மேப்பிள் கட்டையை லேத்தின் பிடியான சக்கில் மாட்டுவதில் தொடங்கி 13 மில்லிமீட்டர் நுனி வரைக்கும் அழகாக ஓடியது. ஆனால் அந்த ஷாஃப்டை நான் கடைந்தது 7 மாதத்தில். 8 தடவை கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, ஒவ்வொரு தடவையும் மூன்று நான்கு வாரம் தொங்கவிட்டு, மறுபடி எடுத்தது. வீடியோவில் அந்த 7 மாதத்தையும் வெட்டி எறிந்துவிட்டேன். மரம் சும்மா தொங்குவதை யார் பார்ப்பார்கள் என்று நினைத்தேன்.

நான்கு மாதம் கழித்துத் தொண்டியிலிருந்து ஒருவர் பஸ் ஏறி வந்தார். கையில் ஒரு ஷாஃப்ட், வில்லாக வளைந்திருந்தது. "நீங்கள் காட்டியபடியேதான் செய்தேன்" என்றார். இரண்டே நாளில் கடைந்து முடித்திருக்கிறார். கட்டைக்குப் போட்ட காசும் போயிற்று. அவர் சொன்னதில் பொய் இல்லை. நான் காட்டியபடிதான் செய்திருந்தார். நான் காட்டாததைத்தான் அவர் செய்யவில்லை. அன்று இரவே அந்த வீடியோவை நீக்கிவிட்டேன்.

அதனால் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். உளி ஓடும் நேரத்தை யார் வேண்டுமானாலும் படம் பிடிப்பார்கள். மரம் ஓய்வெடுக்கும் நாட்களை, தேதியோடும் எடையோடும் நீங்கள் காட்டுங்கள். அதுவும் நம் உப்புக்காற்றில் வைத்துக் காட்டுங்கள்.

ஏன் நம் காற்று என்று அழுத்திச் சொல்கிறேன்? கியூ செய்வது பற்றி இன்று கிடைக்கும் வீடியோக்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் எடுத்தவை. அங்கே சூளையில் உலர்த்திய மேப்பிள், வெப்பமும் ஈரமும் கட்டுக்குள் இருக்கும் பட்டறையில் 6 முதல் 8 சதவீத ஈரத்தில் இருக்கும். அதே கட்டையைப் பாம்பனில் திறந்த கொட்டகையில் ஒரு மாதம் வையுங்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நின்றால் மரம் 14 சதவீதத்துக்கு ஏறிவிடும். வாடைக்காற்றும் மழையும் சேரும் ஐப்பசி கார்த்திகையில் இன்னும் கூடும். அந்த நிலையில் கடைந்து, பாலிஷ் போட்டு, கியூவைத் துபாய்க்கோ ரியாத்துக்கோ போகும் மச்சானிடம் கொடுத்தனுப்பினால் என்ன ஆகும்? ஏசி அறையில் மரம் 9 சதவீதத்துக்கு இறங்கும். மேப்பிள், அதன் வளர்ச்சி வளையங்களின் போக்கில் ஒவ்வொரு சதவீத ஈரத்துக்கும் ஏறத்தாழ 0.35 சதவீதம் சுருங்கும். 5 சதவீதம் இறங்கினால் கியூவின் இரண்டு பாதியும் சேரும் 21.5 மில்லிமீட்டர் ஜாயின்டில் ஏறத்தாழ 0.38 மில்லிமீட்டர் போய்விடும். அதற்குக் குறுக்குத் திசையில் சுருக்கம் ஏறத்தாழ பாதிதான். ஆகவே வட்டமாகக் கடைந்தது முட்டை வடிவமாகிவிடும். ஜாயின்டில் போட்ட உலோக வளையம் சுருங்காது. விரலால் தடவினால் வளையம் மேடாகத் தட்டும். வாங்கியவர் 'கடைசல் சரியில்லை' என்பார். கடைசல் சரியாகத்தான் இருந்திருக்கும். ஈரம்தான் சரியில்லை.

இதை ஒரு வீடியோவாகவே எடுக்கலாம். ஒரே மேப்பிள் கட்டையிலிருந்து இரண்டு துண்டு வெட்டுங்கள். இரண்டையும் ஒரே நாளில் 21.5 மில்லிமீட்டருக்குக் கடைந்து, ஒன்றைக் கொட்டகையிலும் இன்னொன்றை உலர் பெட்டியிலும் வையுங்கள். வாரம் ஒருமுறை இரண்டையும் ஒரே வெர்னியரால், ஒரே இடத்தில், நேராகவும் குறுக்காகவும் அளந்து காட்டுங்கள். எட்டு வாரத்தில் எட்டுத் துண்டுப் படம். சேர்த்தால் ஆறேழு நிமிடத்துக்கு மேல் வராது. நான் இதை எடுத்தபோது, அளவு மாறுவதைப் பார்த்த என் பக்கத்து வீட்டு ஆசாரியே "இவ்வளவா?" என்று கேட்டார். நாற்பது வருடம் நிலை, கதவு செய்தவர் அவர். கதவு மழைக்காலத்தில் இறுகுவது அவருக்குத் தெரியும். அதை மில்லிமீட்டரில் அன்றுதான் பார்த்தார்.

உலர் பெட்டிக்குப் பெரிய செலவு இல்லை. பழைய மர பீரோ ஒன்று, அடியில் ஒரு 60 வாட் குண்டு பல்பு, மேலே கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய சின்ன விசிறி, உள்ளே ஈரப்பதம் காட்டும் ஒரு மீட்டர். 45 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். சூடு அதிகமானால் கட்டையின் நுனி வெடிக்கும். அதனால் பல்பை மரத்துக்கு நேர் கீழே வைக்கக் கூடாது. ஷாஃப்ட்களைச் சாய்த்து வைக்காமல் நுனியில் கொக்கி போட்டுத் தொங்கவிட வேண்டும். அடுத்த தடவை கடையலாமா என்பதைக் காலண்டர் சொல்லாது, தராசுதான் சொல்லும். இரண்டு வாரம் எடை மாறாமல் இருந்தால் மரம் அடங்கிவிட்டது என்று அர்த்தம். எடையையும் தேதியையும் கட்டையின் தடித்த நுனியிலேயே பென்சிலால் எழுதி, அந்த எழுத்தைக் கேமராவுக்குக் காட்டுங்கள். பேச்சே தேவைப்படாது.

சரி, எதிலிருந்து தொடங்குவது?

பாயிண்ட் வைத்த பட்டிலிருந்து, அதாவது வேறு நிற மரத்தைக் கூர்முனையாகப் பதித்த தடித்த பின்பாதியிலிருந்து, தொடங்காதீர்கள். பார்க்க அழகாக இருக்கும், வேடிக்கை பார்க்கவும் ஆள் வரும். ஆனால் பார்ப்பவர்களில் ஆயிரத்தில் ஒருவர்கூட அதைச் செய்யப் போவதில்லை. கியூவின் நுனியில் ஒட்டும் தோல் துண்டான டிப்பை மாற்றுவதிலிருந்து தொடங்குங்கள். கியூ வைத்திருக்கிற எல்லோருக்கும் வருடத்துக்கு ஒருமுறையாவது அது தேவைப்படும். பழைய டிப்பை அறுத்து எடுப்பது, டிப்புக்கு அடியில் இருக்கும் பூணான ஃபெரூலின் முகத்தைத் தட்டையாக்குவது, புது டிப்பின் அடியை உப்புத்தாளில் 8 என்ற எண் வடிவில் தேய்ப்பது, பசையை ஒரு துளியோடு நிறுத்துவது, ஓரத்தை பிளேடால் சீவும்போது ஃபெரூலில் கோடு விழாமல் இருக்க அங்கே டேப் சுற்றுவது. ஒவ்வொன்றிலும் கை எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். டிப்பின் வளைவுக்கு அமெரிக்கர்கள் அவர்களுடைய 'நிக்கல்' நாணயத்தை அளவாகச் சொல்வார்கள். அது 21 மில்லிமீட்டர் சொச்சம். 2011-லிருந்து வரும் நம் சின்ன ஒரு ரூபாய் நாணயமும் ஏறத்தாழ அதே அகலம். ரூபாயை டிப்பின் பக்கத்தில் நிறுத்திக் காட்டுங்கள். தொண்டியில் இருப்பவருக்கும் புரியும், கொழும்பில் இருப்பவருக்கு நீங்கள் மில்லிமீட்டரில் சொன்னது உதவும்.

அப்புறம் ஃபெரூல் மாற்றுவது. அதற்குப் பிறகு ஷாஃப்ட். ஷாஃப்டுக்கு வரும்போதே பூல் கியூவும் ஸ்னூக்கர் கியூவும் வேறு என்பதைச் சொல்லிவிடுங்கள். நம் பக்கத்தில் இரண்டையும் 'கியூ' என்று ஒரே பெயரில் சொல்வதால் குழப்பம் வருகிறது. பூல் ஷாஃப்ட் மேப்பிள். நுனி 12.75 முதல் 13 மில்லிமீட்டர். நுனியிலிருந்து 25, 30 சென்டிமீட்டர் வரை தடிமன் கிட்டத்தட்ட மாறாது, பிறகுதான் ஏறும். ஸ்னூக்கர் கியூ பெரும்பாலும் ஆஷ் மரம். நுனி 9 முதல் 10 மில்லிமீட்டர், பித்தளை ஃபெரூல், அடி முதல் நுனி வரை ஒரே சரிவு. ஸ்னூக்கர் 1875-ல் ஜபல்பூர் ராணுவ அதிகாரிகள் மெஸ்ஸில் பிறந்து, 1882-ல் நம் ஊட்டி கிளப்பில் விதிகள் எழுதப்பட்ட ஆட்டம். அதன் கியூவைத் தமிழில் சொல்லிக்கொடுக்க நமக்கு ஒரு உரிமையே இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

ஷாஃப்ட் கடையும்போது இரும்புக்குப் பழகிய உங்கள் கை ஒரு தவறு செய்யும். நானும் செய்தேன். நிலையான உளியை அழுத்தினால் மெல்லிய நீள மரம் நடுவில் ஒதுங்கும், சாட்டை மாதிரி அடிக்கும். அதனால்தான் சுழலும் கத்தி உள்ள ரவுட்டர் என்ற மரவேலை இயந்திரத்தைப் பலகையில் பொருத்தி, சரிவுச் சட்டத்தின் மேல் ஓடவிடுகிறார்கள். மரம் மெதுவாகச் சுற்றும், கத்தி வேகமாகச் சுற்றும். முதல் தடவைகளில் விட்டத்தில் 1 மில்லிமீட்டர் வரை எடுக்கலாம். கடைசி இரண்டு தடவையில் கால் மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். கட்டை எந்தத் தடவையில் கோணினாலும் ஒதுக்கி வையுங்கள். எட்டுக் கட்டையில் தொடங்கி ஐந்து தேறினால் அது நல்ல கணக்கு. ஒதுக்கிய மூன்றையும் வீடியோவில் காட்டுங்கள். எந்த மாதம், எந்தத் தடவையில் கோணியது என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால், பார்ப்பவர் தன் முதல் கோணல் கட்டையோடு வேலையையே விட்டுவிடுவார்.

இன்னொன்று. நீங்கள் இரும்பு கடையும் லேத்தில்தான் மரமும் கடைவீர்கள். மேப்பிளை மாட்டுவதற்கு முன் படுக்கை, சக் எல்லாவற்றையும் எண்ணெய் போகத் துடைக்க வேண்டும். எண்ணெய் பட்ட இடத்தில் பசை பிடிக்காது. இரும்புத் தூள் கருவேலத்தில் பட்டு ஈரமும் சேர்ந்தால் கறுப்புக் கறை விழும், எந்த உப்புத்தாளுக்கும் சுலபத்தில் போகாது. இந்தத் துடைப்பையும் படம் பிடியுங்கள். நம் ஊர்களில் தொடங்குகிற யாரிடமும் தனி மர லேத் இருக்காது. எல்லோரும் உங்களைப் போலத்தான் தொடங்குவார்கள்.

ஜாயின்ட் பற்றிய வீடியோதான் உங்களால் மற்ற யாரையும்விட நன்றாக எடுக்க முடியும் என்று நினைக்கிறேன். படகு ஷாஃப்ட் நேர்கோட்டில் நிற்காவிட்டால், தண்ணீரைத் தடுக்கும் கிளாண்ட் தேய்ந்து தண்ணீர் ஏறும். ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்து அதைப் பார்ப்பவர் நீங்கள். அதே கேஜ்தான் இங்கேயும். கியூவின் இரண்டு பாதியையும் இணைக்கும் 'பின்' என்ற திருகு 3/8 இன்ச், இன்ச்சுக்கு 10 மரை. மரத்தில் மரை வெட்டும் முன் துளையை ட்ரில்லோடு விட்டுவிடாமல் போரிங் டூலால் மையம் திருத்த வேண்டும், ட்ரில் மர ரேகையின் போக்கில் ஒதுங்கும். பின்னை எபாக்ஸியில் உட்காரவைத்த பிறகு கேஜ் முள் எவ்வளவு ஆடுகிறது என்பதை நெருக்கத்தில், வெட்டாமல், ஒரு முழுச் சுற்று காட்டுங்கள். ஆடினால் ஆடுகிறது என்று சொல்லுங்கள். கியூவை மேஜையில் உருட்டி நேராக இருக்கிறது என்று காட்டும் பழக்கம் நம் கிளப்களில் இருக்கிறது. சரிவு இருக்கும் கோலை உருட்டினால் நடுவில் வெளிச்சம் தெரியத்தான் செய்யும். அந்த இடைவெளி உருட்டும்போது கூடிக் குறைகிறதா என்பதுதான் கேள்வி. இதை இரண்டு கியூ வைத்து இரண்டு நிமிடத்தில் விளக்கினால் பல சண்டைகள் ஓயும்.

பட் செய்ய மரம் கேட்டால் நான் சீமைக் கருவேலத்தைத்தான் முதலில் காட்டுவேன். நம் மாவட்டத்தில் அதைக் கரிமூட்டம் போடும் மரமாக மட்டுமே பார்க்கிறோம். அந்த மரத்தின் வைரம், ஈரம் ஏறி இறங்கும்போது மற்ற பல மரங்களைவிடக் குறைவாகவே அசையும். பாலிஷ் ஏறினால் செம்பழுப்பு நிறம், கண்ணைப் பறிக்கும். நேரான நீளத் துண்டு கிடைப்பதுதான் கஷ்டம், கரி வியாபாரியிடம் சொல்லி வைத்துப் பொறுக்க வேண்டும். கனமான மரம் என்பதால் நடுவில் துளைத்து மேப்பிள் தண்டு செருகினால் எடையும் அடங்கும், கோணலும் வராது. முழுக் கியூ 540 கிராம் பக்கத்தில் நின்றால் பெரும்பாலோர் கைக்குச் சரியாக இருக்கும். பனையின் வைரமும் அழகுதான், கறுப்பு நார் கோடு கோடாக வரும். ஆனால் நார் பிய்ந்து நிற்கும்; நீர் மாதிரி இருக்கும் சூப்பர் குளூவை ஊறவிட்டுக் கடைய வேண்டும். ஷாஃப்டுக்கு மட்டும் நம்மூர் மரம் எதையும் நான் சொல்ல மாட்டேன். பூவரசில் செய்து பார்த்தேன், பந்தை அடிக்கும்போது அந்த அடியில் உயிர் இல்லை.

பதிக்கும் வேலைக்கு வந்தால் ஒரு எச்சரிக்கை. கடற்கரையில் இருப்பதால் ஆமை ஓடு, பவளம் என்று யாராவது கொண்டு வந்து நீட்டுவார்கள். இரண்டும், பழைய கியூக்களில் இருந்த யானைத் தந்தமும், வனவிலங்குச் சட்டத்தின் கீழ் வருபவை. தொடவே கூடாது. நமக்கு எதிரே இருக்கும் 21 தீவுகளும் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா என்பதை வீடியோவிலேயே சொல்லுங்கள். சிப்பி வேண்டுமானால் ரசீதோடு வாங்குங்கள், வெட்டும்போது தண்ணீர் விட்டு வெட்டுங்கள். சிப்பித் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

எதை மறைக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். எதையும் மறைக்க வேண்டாம். ஜார்ஜ் பாலபுஷ்கா என்ற பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1912-ல் ரஷ்யாவில் பிறந்தவர், 1959-லிருந்து 1975-ல் இறக்கும்வரை நியூயார்க்கில் கியூ செய்தவர். அவருடைய கியூக்கள் பலவற்றில் பட்டின் பாயிண்ட் வைத்த முன்பகுதியை வேறு கைவினைஞர்கள், பர்டன் ஸ்பெய்னும் கஸ் சாம்போட்டியும், செய்து கொடுத்தார்கள். இது ஊரறிந்த விஷயம். அதனால் அந்தக் கியூக்களின் மதிப்பு ஒரு டாலரும் குறையவில்லை. உங்களிடம் கியூ வாங்குபவர், செய்முறை தெரியாததால் வாங்குவதில்லை. ஏழு மாதம் காத்திருக்க அவரால் முடியாது, அதனால் வாங்குகிறார்.

இனி படம் பிடிக்கும் விஷயம். போனைத் தானியங்கியில் விடாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு வினாடிக்கு 100 தடவை துடிக்கும். வினாடிக்கு 25 படம், ஷட்டர் 1/50 என்று வையுங்கள். திரையில் கறுப்புப் பட்டை நகராது. இதிலும் ஒரு ஆபத்து உண்டு. லேத் நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஓடினால் அது வினாடிக்குச் சரியாக 25 சுற்று. படத்தில் சக் நிற்பது போலவே தெரியும். பார்க்கிற பையன், ஓடும் சக்கில் கை வைக்கலாம் என்று நினைத்துவிடக் கூடாது. வேகத்தை மாற்றுங்கள், இல்லாவிட்டால் 'இது ஓடிக்கொண்டிருக்கிறது' என்று வாயால் சொல்லுங்கள். கைலி, தோளில் துண்டு, கையுறை மூன்றும் லேத் பக்கத்தில் கூடாது. உங்கள் பட்டறையில் கைலியோடு வேலை செய்யும் பெரியவர்கள் இருந்தால் அவர்களைப் படத்தில் சேர்க்காதீர்கள்; பார்க்கிறவன் அதையும் கற்றுக்கொள்வான்.

ஸ்டாண்டை லேத் மேலோ, லேத் நிற்கும் பலகை மேலோ வைத்தால் படம் நடுங்கும், தரையில் தனியாக நிறுத்துங்கள். கேமரா எதிரே இருந்தால் இடம் வலம் மாறிப் புரியும். உங்கள் தோளுக்கு மேலிருந்து, நீங்கள் பார்க்கும் கோணத்திலேயே காட்டுங்கள். பசை விட்ட இடமும் உளித் தடமும் தெரிய விளக்கைப் பக்கவாட்டில், தாழ்வாக வையுங்கள். லென்ஸில் தினமும் உப்புப் படலம் ஏறும், ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். குரலைப் பட்டறையில் பதிய முயல வேண்டாம். கச்சான் அடிக்கும் மாதங்களில் பாம்பன் பக்கம் தகரக் கூரையே பேசிக்கொண்டிருக்கும். லேத் சத்தத்தைக் கொஞ்சம் மட்டும் வைத்துக்கொண்டு, இரவில் வீட்டில், விசிறியை நிறுத்தி, சுவரில் ஜமுக்காளம் தொங்கவிட்டுப் பேசிச் சேருங்கள். எழுதி வைத்து வாசிக்காதீர்கள். பட்டறையில் வேலை பழகும் பையனுக்குச் சொல்வது போலச் சொல்லுங்கள். 'ஒரு நூல்' என்றே சொல்லலாம், கூடவே 3 மில்லிமீட்டர் சொச்சம் என்றும் சொல்லிவிடுங்கள்.

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் ஜூன் 14 வரை படகு வேலை உங்கள் பட்டறையில் குவியும், உங்களுக்கு லேத் கிடைக்காது. அந்த 61 நாளும் ஷாஃப்ட் தொங்குவதற்கு நல்ல நாட்கள். அதற்கு முன் முதல் தடவை கடைந்து, எட்டுக் கட்டையையும் எடை போட்டு, எழுதி, பெட்டியில் தொங்கவிட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து ஒரு நிமிடம் படம் எடுங்கள். ஜூன் கடைசியில் அந்த ஒன்பது நிமிடத்தையும் எனக்கு அனுப்புங்கள், எந்தக் கட்டையை ஒதுக்குவது என்று சேர்ந்து பார்ப்போம்.